காலனிப் பாலை டீக்கடைக்கு வாங்கலாமா?

பாய்லர்பக்கம்

வணக்கம். செங்கல்பட்டுப் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். கடையிலிருந்து நடக்கிற தூரத்தில் தொழுநோய் மறுவாழ்வுக் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. ஊரில் எல்லோரும் ‘காலனி’ என்றுதான் சொல்வார்கள். அங்கே சில வீடுகளில் கறவை மாடு உண்டு. எனக்கு இதுவரை பால் ஊற்றியவர் மாட்டை விற்றுவிட்டு மகன் வீட்டோடு போகிறார். காலனிப் பாலை லாக்டோமீட்டர் விட்டுப் பார்த்தேன், பழைய பாலைவிட டிகிரி நன்றாக நிற்கிறது. விலையும் கட்டுப்படியாகிறது.

மச்சானிடம் சொன்னேன். “அந்தப் பாலா? வெளியே தெரிஞ்சா பாய்லரை இறக்கி வெச்சுட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்” என்கிறான். எனக்கு நோய்க்குப் பயமில்லை, கல்லாவுக்குத்தான் பயம். பால் வழியாக ஏதாவது வருமா? வராது என்றால், வாடிக்கையாளரிடம் எங்கிருந்து வாங்குகிறேன் என்று சொல்ல வேண்டுமா, கூடாதா?

கடைக்கணக்கு

சொல்லவே சொல்லாதீர்கள். உங்கள் பழைய பால்காரர் மாட்டுத் தொழுவத்தை எந்த வாடிக்கையாளர் போய்ப் பார்த்தார்?

பழைய_என்எம்எஸ்

நான் தொழுநோய்ப் பிரிவில் என்.எம்.எஸ்., அதாவது டாக்டர் அல்லாத மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி, முதல் கேள்விக்குப் பதில்: வராது. சிகிச்சை எடுக்காத ஒருவரின் மூக்கு, வாய் நீர்த்துளிகள் வழியாக, அதுவும் மாதக்கணக்கில் நெருங்கிக் கூடவே இருப்பவர்களுக்குத்தான் அந்தக் கிருமி பரவும். நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு அதை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே இருக்கிறது. கூட்டு மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின் முதல் வேளை உள்ளே போன சில நாளிலேயே தொற்றும் தன்மை போய்விடும். பிறகு வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ மாத்திரை, அவ்வளவுதான். அரசு மருத்துவமனையில் இலவசம்.

காலனியில் நீங்கள் பார்க்கும் பெரியவர்கள் பலர் 1980களிலேயே, சிலர் அதற்கும் முன்பே குணமானவர்கள். விரல் மடங்கியிருப்பதும் பாதத்துப் புண்ணும் நரம்பு செத்துப்போனதன் மிச்சம். கிருமி இல்லாத கையைப் பார்த்துத்தான் ஊர் பயப்படுகிறது. கிருமி உள்ளவர் முதுகில் ஒரு வெளிறிய தேமலோடு, சட்டை போட்டுக்கொண்டு, உங்கள் கடையிலேயே டீ குடித்துக்கொண்டிருக்கலாம். இன்றைக்கும் இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் அளவில் புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். உலகக் கணக்கில் பாதிக்கு மேல் நாம்தான்.

இன்னொன்று. எங்கள் வேலையில் ஊர் பயந்தது எங்களைப் பார்த்துத்தான். ஜீப் தெருவுக்குள் நுழைந்தால் கதவு சாத்துகிற சத்தம் வரிசையாகக் கேட்கும். ‘ஜீப் நின்ற வீடு’ என்று பெயர் வந்துவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் நின்றுவிடும். அப்புறம் வண்டியை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு, வாடகை சைக்கிளில், மலேரியாக்காரர் போல எல்லா வீட்டுக்கும் போக ஆரம்பித்தோம். ஒரே வீட்டுக்குப் போகாமல் தெரு முழுக்கப் போவது, அதுதான் தந்திரம். தேமலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் தேமலை லேசாகத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்வோம். காட்டத் தெரியாமல் விழிக்கிற பிள்ளையைவிட, பக்கத்தில் நிற்கிற தாயின் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டம்.

கடைக்கணக்கு

ஐயா சொல்வதெல்லாம் சரி. ஆனால் மருத்துவம் வேறு, வியாபாரம் வேறு. வாடிக்கையாளரின் பயம் நியாயமானதா என்று நாம் பரீட்சை வைக்க முடியாது. பக்கத்தில் இன்னொரு டீக்கடை இருந்தால் அங்கே போய்விடுவார்கள். நம்பிக்கையை வளர்ப்பது அரசாங்கத்தின் வேலை, டீக்கடைக்காரர் தலையில் கட்டாதீர்கள்.

தாம்பரம்_பாஸஞ்சர்

அரசாங்கம் வளர்த்த லட்சணத்தைக் கேளுங்கள். 1898ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டம் என்று ஒன்று இருந்தது. ஆதரவற்ற நோயாளிகளைப் பிடித்து அடைத்து வைக்கலாம். அதோடு, அவர்கள் உணவுப் பொருள் தயாரித்து விற்கக் கூடாது, பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது, வாடகை வண்டியில் ஏறக் கூடாது என்றெல்லாம் தடை போடவும் அதில் இடம் இருந்தது. மத்திய அரசு அதை முழுசாக நீக்கியது 2016ல். விவாகரத்துக் காரணங்களிலிருந்து தொழுநோயை எடுத்தது 2019ல். நடுவில் 2008ல், ஒடிசாவில் நகராட்சித் தேர்தலில் நின்றவர்களைத் தொழுநோயைக் காட்டித் தகுதிநீக்கம் செய்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. மருந்து வந்து எத்தனை வருஷம் கழித்து!

ஆக, பால் விற்பதையே குற்றமாக்க வழிவைத்த சட்டத்தின் நிழலில்தான் பாய்லர் அண்ணனின் மச்சான் பேசுகிறார். அவர் அந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

காலனிமகள்

வழக்கமாகப் படித்துவிட்டுப் போய்விடுவேன். இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் இப்படியொரு காலனியில் பிறந்தவள். பாய்லர் அண்ணன் சொல்கிற காலனி இல்லை, வேறு மாவட்டம். அப்பா, அம்மா இருவரும் நோய் வந்து குணமானவர்கள். எனக்கும் தம்பிக்கும் வந்ததே இல்லை. நர்சிங் முடித்து வெளியூரில் வேலை பார்க்கிறேன். விடுதியில் சொந்த ஊர் கேட்டால் பக்கத்து டவுன் பெயரைத்தான் சொல்வேன்.

இங்கே எல்லோரும் ‘வெளியே இருப்பவர்கள் காலனிக்காரர்களை நம்புவார்களா’ என்று பேசுகிறீர்கள். காலனிக்காரர்கள் உங்களை ஏன் நம்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு கடைக்காரர் பால் வாங்கினார். முதல் மாசம் காசு வந்தது. அடுத்து பாக்கி. பாக்கி ஏற ஏற, ‘ஆட்கள் கேட்கிறார்கள், நிறுத்திக்கோங்க’ என்றார். பாக்கியைக் கேட்கப் போன அப்பாவிடம், கடை வாசலில் நிற்காதே, வியாபாரம் கெடுகிறது என்றார். அந்தப் பயத்தைக் காட்டியே காசைக் கொடுக்காமல் விட்டுவிட்டார். போலீசுக்குப் போகலாமே என்பீர்கள். ஸ்டேஷனில் பெஞ்சு காலியாகிவிடும் என்று அப்பாவே போகவில்லை.

அதனால் அண்ணா, வாடிக்கையாளருக்கு என்ன சொல்வது என்பதைப் பிறகு பார்க்கலாம். பால் காசை அன்றன்றைக்குக் கொடுங்கள். நிறுத்துவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மாடு ஒருவேளை கூடத் தீவனம் இல்லாமல் நிற்காது, உங்களை நம்பிக் கூடுதலாக ஒரு மாடு வாங்கியிருப்பார்கள்.

அப்புறம் இன்னொன்று. அப்பா எந்த டீக்கடைக்குப் போனாலும் பெஞ்சில் உட்கார மாட்டார். மாஸ்டர் கேட்பதற்கு முன்பே “பேப்பர் கப்புல குடுங்க” என்று அவரே சொல்லிவிடுவார். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது.

பாய்லர்பக்கம்

தங்கச்சி, என் கடையிலும் அப்படித்தான். இரண்டு பெரியவர்கள் காலையில் வருவார்கள், ஓரமாக நின்று பேப்பர் கப். நானும் யோசித்ததில்லை, சிக்கனமானவர்கள், கழுவுகிற வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். நாளையிலிருந்து அவர்களுக்கும் கண்ணாடி கிளாஸிலேயே கொடுத்துவிடுகிறேன்.

பழைய_என்எம்எஸ்

பொறுங்கள் தம்பி, பொறுங்கள். மனசு நல்ல மனசு. ஆனால் கொதிக்கிற டீயைக் கண்ணாடி கிளாஸில் கொடுத்து அவர்கள் கையைப் புண்ணாக்கிவிடாதீர்கள்.

உணர்ச்சியில்லாத விரலுக்குச் சூடு தெரியாது. நீங்களும் நானும் கிளாஸின் விளிம்பைப் பிடித்து மாற்றி மாற்றி ஊதுவோம். அவர்கள் கிளாஸின் நடுப்பகுதியையே முழுக் கையால் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். மறுநாள் விரல் முழுக்கக் கொப்புளம். கொப்புளம் உடைந்து புண், புண்ணில் சீழ், எலும்பு வரை போய் விரல் குட்டையாகும். நோய் விரலைத் தின்றுவிட்டது என்று ஊர் சொல்லும். தின்றது டீ கிளாஸும் அடுப்பும் பீடியும்தான். நாங்கள் வீடு வீடாகப் போய், கைப்பிடி வைத்த டம்ளர், துணி சுற்றிய கரண்டி என்று சொல்லிக்கொடுத்தது இதற்காகத்தான்.

அதனால் கைப்பிடி வைத்த மக் வாங்குங்கள். அவர்களுக்கு மட்டும் வாங்கினால் அது தனி கிளாஸ் கதையாகிவிடும். எல்லோருக்கும் அதிலேயே கொடுங்கள்.

தாம்பரம்_பாஸஞ்சர்

ஐயா, இத்தனை வருஷத்தில் இந்த விஷயம் எனக்குத் தெரியாது. பேப்பர் கப்பும் சூடுதானே?

பழைய_என்எம்எஸ்

ஆமாம், அதுவும் நல்லதில்லை. ஆனால் அதை ஓரத்தில் வைத்து ஆறவிட்டுக் குடிப்பார்கள். ஓரத்தில் தனியாக நிற்பவருக்கு அவசரம் இல்லையே.

வார்தா_லைன்

பல வருஷம் மகாராஷ்டிராவில் சந்திரபூர் மாவட்டத்தில் அனல்மின் நிலைய வேலையில் இருந்தேன். பாபா ஆம்தே தொழுநோயாளர்களுக்காகத் தொடங்கிய ஆனந்தவனம் பக்கம்தான், வரோரா என்கிற ஊர். இந்தப் பால் பிரச்சினை அங்கே அப்படியே நடந்திருக்கிறது.

பாபா ஆம்தே வரோராவில் வக்கீல். துப்புரவுத் தொழிலாளர்களோடு சேர்ந்து மலக்கூடை சுமந்தவர். அப்படிப்பட்டவரே ஒரு மழை நாளில், சாக்கடையோரம் அழுகிய உடம்போடு கிடந்த துளசிராம் என்ற தொழுநோயாளியைப் பார்த்துப் பயந்து ஓடியிருக்கிறார். அந்தப் பயம் தன்னை அவமானப்படுத்தியது என்று அவரே பிறகு சொல்லியிருக்கிறார். திரும்பிப் போய் அந்த மனிதருக்குப் பணிவிடை செய்தார். 1951ல் ஆனந்தவனத்தைத் தொடங்கியபோது கையில் 14 ரூபாய், ஆறு நோயாளிகள், ஒரு நொண்டிப் பசு என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள். பாறை நிலத்தைக் கொத்தி, கிணறு வெட்டி, காய்கறி விளைந்தது. ஊருக்குக் கொண்டுபோனால் வரோராவில் ஒருவரும் வாங்கவில்லை. பாலும் அதே கதை.

1950களில் சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் என்ற அமைப்பின் தொண்டர்கள், பல நாட்டு இளைஞர்கள், கட்டட வேலை செய்ய அங்கே வந்து தங்கினார்கள். நோயாளிகளோடு சேர்ந்து மண் சுமந்தார்கள், அங்கே விளைந்ததையே சாப்பிட்டார்கள். ஊர் வேடிக்கை பார்க்க வந்தது. அதன் பிறகுதான் காய்கறி விற்க ஆரம்பித்தது.

எனக்கு அதைவிடப் பெரிசாகத் தெரிவது 1964. ஆனந்தவனத்துக்காரர்கள் வளாகத்திலேயே ஒரு கல்லூரி கட்டினார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, ஊருக்கு. அதுவரை பட்டப்படிப்புக்கு வெளியூர் போய்க்கொண்டிருந்த வரோரா பிள்ளைகள், யார் கையால் காய் வாங்க மாட்டேன் என்று அப்பன் சொன்னானோ அவர்கள் கட்டிய கட்டடத்தில் போய் உட்கார்ந்து படித்தார்கள். இரக்கப்பட்டு வந்த கூட்டம் வேறு, பிள்ளைக்குச் சீட்டு கேட்டு வந்த கூட்டம் வேறு. சீட்டு கேட்டு வருகிறவன் கொஞ்சம் குனிந்துதான் வருவான்.

கடைக்கணக்கு

வெளிநாட்டுக்காரன் சாப்பிட்டுக் காட்டிய பிறகுதான் நம் ஆள் சாப்பிடுவானா? நல்ல நாடு.

கல்லூரி விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வேறு வழி இல்லாததால் வந்த நம்பிக்கை. பால் அப்படி இல்லை. பாக்கெட் பால் எல்லாக் கடையிலும் தொங்குகிறது.

கிள்ளான்வாசி

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். கோலாலம்பூரில் யாரிடமாவது “பூச்செடி எங்கே மலிவு?” என்று கேட்டுப்பாருங்கள். சுங்கை பூலோ என்பார்கள். சாலை ஓரத்தில் நர்சரி, நர்சரி, நர்சரி. எங்கள் வீட்டுச் செம்பருத்தியும் போகன்வில்லாவும் அங்கே வாங்கியதுதான்.

அந்த இடம் 1930ல் பிரிட்டிஷார் திறந்த தொழுநோயாளர் குடியிருப்பு. அந்தக் காலத்தில் உலகிலேயே பெரியவற்றில் ஒன்று. சீனர், மலாய்க்காரர், நம் தமிழர் எல்லோரையும் கொண்டுவந்து விட்டார்கள். உள்ளேயே பள்ளிக்கூடம், கோயில், மசூதி, சர்ச், சிறைச்சாலை கூட. ஒரு காலத்தில் அங்கே மட்டும் செல்லுகிற தனிப் பணம் அச்சடித்தார்கள், அவர்கள் தொட்ட காசு வெளியே வரக் கூடாதாம். பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்துத் தத்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் வயதான பிறகு பெற்றவர்களைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

குணமானவர்கள் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே செடி வளர்த்து விற்க ஆரம்பித்தார்கள். வாங்குகிறவர்கள் முதலில் தயங்கித்தான் வந்திருப்பார்கள், ஆனால் செடி நன்றாக இருந்தது, விலை குறைவு. யாரும் பிரசாரம் செய்யவில்லை. காரை நிறுத்தி, பேரம் பேசி, பத்து வெள்ளி (ரிங்கிட்) குறைத்து வாங்கிக்கொண்டு போனார்கள். இன்றைக்குச் செடி வாங்குகிற பலருக்கு அந்த இடத்தின் கதையே தெரியாது. 2007ல் குடியிருப்பின் ஒரு பகுதியைப் பல்கலைக்கழகத்துக்காக இடித்தபோதுதான் பலர் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைக்கணக்கு சார், அங்கே வேறு கடை இல்லாமல் போகவில்லை. நல்ல செடி என்பதால் போனார்கள். பேரம் பேசினாலே பாதிப் பயம் போய்விட்டது என்பது என் எண்ணம். பிச்சை போடுகிறவர் யாரும் பேரம் பேச மாட்டார்.

காலனிமகள்

கிள்ளான் அண்ணா சொன்னதில் எனக்குப் பாதி சந்தோஷம். மீதிப் பாதியைச் சொல்லிவிடுகிறேன். செடி வாங்குவார்கள். பெண் கேட்டு வருவார்களா? எங்கள் காலனியில் கல்யாணங்கள் பெரும்பாலும் இன்னொரு காலனியோடுதான். இந்தியா முழுக்க 700க்கு மேல் காலனிகள் இருக்கின்றன, மாப்பிள்ளைக்குப் பஞ்சமில்லை என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள்.

ஆனாலும் அந்தப் பிச்சை விஷயம் உண்மை. ஜனவரி 30, காந்தி நினைவு நாள், தொழுநோய் ஒழிப்பு நாளும் அதுதான். காரில் வருவார்கள், பழம், பிஸ்கட், போர்வை. போட்டோ. யாரும் வீட்டுக்குள் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. மாவு அரைக்க எங்கள் வீட்டுக்கு வருகிற பக்கத்து ஊர் அக்கா மட்டும் குடிப்பார், ஏனென்றால் மெஷினில் வரிசை நீளம், தாகம் எடுக்கும். அவர் எங்களைத் திட்டவும் செய்வார், மாவு நைஸாக இல்லை என்று. அம்மாவுக்கு அவரைத்தான் பிடிக்கும்.

வேலூர்க்காரி

எங்கள் ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1940களின் கடைசியில் டாக்டர் பால் பிராண்ட் (Paul Brand) வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்துகிற ஆபரேஷனைத் தொடங்கியபோது, மருத்துவமனையிலேயே படுக்கை கொடுக்கத் தயக்கம் இருந்தது, மற்ற நோயாளிகள் போய்விடுவார்கள் என்று. 1955ல் கரிகிரி மருத்துவமனை தொழுநோய்க்காகவே வந்தது. இன்றைக்கு அதே கரிகிரிக்குச் சுற்றுவட்டாரத்துக் கிராமங்கள் கண்ணுக்கும் பல்லுக்கும் சர்க்கரைக்கும் வரிசையில் நிற்கின்றன. என் தாத்தாவின் கண்புரை ஆபரேஷன் அங்கேதான். பக்கத்துப் படுக்கைக்காரர் யார், என்ன நோய் என்று தாத்தா கேட்கவே இல்லை, ரேடியோவில் யார் ஸ்டேஷன் மாற்றுவது என்பதில்தான் சண்டை.

பிராண்ட் சொன்ன இன்னொரு விஷயமும் உண்டு. கை நிமிர்ந்து வீட்டுக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வந்து, இந்தக் கையைப் பார்த்துப் பிச்சை விழவில்லை, தழும்பைப் பார்த்து வேலையும் கிடைக்கவில்லை என்றார்களாம். அதன் பிறகுதான் தச்சு வேலை போன்ற தொழில் சொல்லிக்கொடுக்க ஒரு நிலையம் தொடங்கினார்.

பாய்லர்பக்கம்

எல்லோருக்கும் நன்றி. என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

பால் வாங்க ஆரம்பித்துவிட்டேன். காலையில் கறந்த கையோடு வந்துவிடும், காசு அப்போதே. தங்கச்சி சொன்னபடி, நிறுத்தினால் பதினைந்து நாள் முன்னதாகச் சொல்வதாகப் பேச்சு. அவர்களும் ஒரு நிபந்தனை போட்டார்கள், தீபாவளி வாரத்தில் ஸ்வீட் கடைக்காரருக்கு விலை ஏற்றிக் கொடுப்பார்களாம், எனக்குப் பாதிதான் கிடைக்கும். இதை நான் எதிர்பார்க்கவில்லை. பேசிப் பார்த்தேன், இறங்கவில்லை. சரி என்று வந்துவிட்டேன்.

போர்டு எதுவும் வைக்கவில்லை, மறைக்கவும் இல்லை. கேனைக் கடை முன்பாகவே இறக்குகிறார்கள். முதல் வாரம் இரண்டு பேர் பார்சல் வாங்குவதை நிறுத்தினார்கள், ஒருவர் திரும்பி வந்துவிட்டார். மற்றவர் வரவில்லை. மச்சான் டீ குடிக்கிறான், பிளாக் டீ. கைப்பிடி மக் இருபத்து நான்கு வாங்கினேன். உடையாமல் இருக்க ஸ்டீலில் வாங்கினேன், அதுவும் சுடும் என்று என்.எம்.எஸ். ஐயா போனில் திட்டினார். மறுபடி பீங்கானுக்கு மாற்றியாயிற்று. காலையில் வருகிற இரண்டு பெரியவர்களில் ஒருவர் மக்கில் வாங்கிக்கொள்கிறார். இன்னொருவர் இன்னும் பேப்பர் கப்தான் கேட்கிறார், கொடுக்கிறேன்.

கடைக்கணக்கு

தீபாவளிக்குப் பாக்கெட் பால் இரண்டு டிரே முன்னாடியே சொல்லி வையுங்கள். இது காலனிப் பிரச்சினை இல்லை, எல்லாப் பால்காரரும் அப்படித்தான்.

ராணிப்பேட்டை_ரவுண்டானா

இழைக்குச் சம்பந்தம் உண்டா தெரியவில்லை. என் பெரியப்பாவுக்கு இந்த நோய் வந்து குணமாகிவிட்டது, பாதத்தில் உணர்ச்சி இல்லை. சாதாரணச் செருப்பு போட்டால் புண் வருகிறது. என்ன செருப்பு வாங்குவது?

பழைய_என்எம்எஸ்

எம்.சி.ஆர். செருப்பு என்று கேளுங்கள், மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம், பின்பக்கம் வார் இருக்கும், ஆணி அடித்திருக்க மாட்டார்கள். அரசு மருத்துவமனைத் தொழுநோய்ப் பிரிவில் பாத அளவு எடுத்து இலவசமாகத் தருவார்கள், உங்களுக்குக் கரிகிரியும் பக்கம்தான். தினமும் பாதத்தை இருபது நிமிடம் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லில் லேசாகத் தேய்த்து, ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லுங்கள். வெந்நீர் வேண்டாம், சூடு அவருக்குத் தெரியாது. செருப்பைப் போடுமுன் உள்ளே கல், முள் இருக்கிறதா என்று கையை விடாமல் கண்ணால் பார்க்க வேண்டும்.